தெய்வானையின் பக்கம்

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எல்லோரும் தங்கள் ஃபேஸ்புக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, செக்கிங் மேஜை முன்னால் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டே துணியில் குறை பார்க்கும் தெய்வானை, தனக்கு அப்படி ஒன்று கிடையாது என்றாள். மேனேஜர் யுவராஜ் நம்பவில்லை. இல்லை என்கிறவர்கள்தான் எதையோ ஒளிக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். கடைசியில் அவரே அவள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அடையாள அட்டையில் இருந்த படத்தைப் போட்டு, பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதித் தன் டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அவள் அந்தப் பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

எட்டு மாதம் கழித்து யுவராஜ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். திரையில் அதே அடையாள அட்டை முகம். அதன் கீழே, 'காலு ரெண்டும் மரத்துப்போச்சு. ஒரு ஸ்டூலு போட்டா குடியா முழுகிடப் போகுது' என்று இருந்தது.

"என்னம்மா இது?"

"நான் எழுதலைங்க. பாஸ்வேர்டு உங்ககிட்டத்தானுங்க இருக்குது."

யுவராஜ் டிராயரைத் திறந்தார். சீட்டு மடித்தது மடித்தபடியே கிடந்தது. டிராயரைத் திரும்பப் பூட்டிவிட்டு, "பேரு உங்க பேருதான? மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்த அறையில் இன்னொரு நாற்காலி இல்லை. மேஜை விளிம்பில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் திரையை இன்னொரு தரம் பார்த்தாள். முகம் அவளுடையதுதான். வலியும் அவளுடையதுதான்.

"ஏனுங்க சார்," என்றாள், "இதை எழுதினவ உக்காந்துதானுங்க எழுதியிருப்பா?"