நாற்பதாம் பக்கம்

மலாயா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆம்புரோஸ் மறுநாள் ஈப்போ வாசகசாலையில், போரே வேண்டாம் என்று சொல்லும் ஒரு நாவலை அலசிப் பேச வேண்டும். ஒத்திகைக்குக் கிடைத்த ஒரே சபை, மனைவி அகதா.

“நாற்பதாம் பக்கம் சுத்தப் பொய்! சண்டை முடிஞ்சு பத்து வருசமாச்சு. பட்டாசுச் சத்தத்துக்கு ஒரு ஆம்பளை இன்னும் பதுங்குவானா?”

“பதுங்க மாட்டானா?” வெங்காயம் உரித்தபடியே கேட்டாள் அகதா.

“எழுதினவரு அளந்து விடுறாருலா! நாளைக்குக் கிழிச்சுத் தொங்கவிடுறேன் பாரு.”

“குரல் கொஞ்சம் அமுங்கிக் கேக்குதுங்க.”

“அங்க எடுத்துப் பேசிருவேன்.” தூசியில் இரண்டு தும்மல் போட்டார். “பேச்சு எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு. கட்டிலுக்கு அடியிலேருந்து வெளிய வந்து பேசுங்க. மரத்துல ரப்பர் காய் படார்னு வெடிச்சு அரை மணி நேரமாச்சு.”

கட்டிலுக்கு அடியில் கை தரையைத் துழாவும் சத்தம் கேட்டது.

“பென்சில் விழுந்துருச்சு, அதான்...”

“ஜெர்மன் சண்டையப்ப பஸ்ராவுல காயம்பட்டவங்கள தூக்கிட்டு ஓடுனீங்களே, அப்ப விழுந்த பென்சிலா?”

ஆம்புரோஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “உண்மையச் சொன்னா சிரிப்பாங்க அகதா.”

“நீங்க முதல்ல சிரிச்சிருங்க. இந்தாங்க, நெசமான பென்சில்.”

குப்புறப் படுத்தபடியே பேச்சுக் குறிப்பில் ‘பொய்’ என்பதை அடித்துவிட்டு, ‘உண்மை. சாட்சி நானே’ என்று எழுதினார்.

வெளியே இன்னொரு காய் படாரென்று வெடித்தது.

“தேத்தண்ணி உள்ளயே கொண்டு வரவா?”

“ரெண்டு கிளாஸா கொண்டு வா. உனக்கும் இடம் இருக்கு.”