மூன்றாவது விண்ணப்பம்

சர்க்கரை நோயாளிகளின் கால் புண் ஏன் ஆறுவதில்லை என்று ஆராய நிதி கேட்டு வாசுகி எழுதிய விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இந்த மூன்றாவது முறைதான் கடைசி. மாலை ஐந்து மணிக்குள் மதிப்பீட்டாளர்கள் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுதி அனுப்பியாக வேண்டும். அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். பேருந்து நிறுவனத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் அவள் கணவன் பரிதி, அதைப் பணிவாக்கித் தட்டச்சு செய்வான்.

“இந்த ஆளு கண்ணை மூடிட்டுப் படிச்சாரா?”

‘இதை நாங்கள் இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.’

“கூசாம பொய் சொல்றீங்க!” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

கடைசிக் குறையைப் படித்ததும் அவளுக்குத் திட்ட வரவில்லை. ‘இவரால் இதைச் செய்து முடிக்க இயலுமா என்பது சந்தேகமே.’ பரிதி காத்துப் பார்த்தான். பிறகு அவனே மடமடவென்று தட்டினான்: ‘என் மனைவி ஆறு வருடமாக ஒரு ஞாயிறுகூட விடாமல் ஆய்வகம் போய், தான் வளர்க்கும் செல்களுக்கு உணவு வைத்துவிட்டு வருகிறார். தன் கல்யாணத்தன்றும் போனார்.’

“ஐயோ, அழிங்க! மானம் போயிடும்.”

“மாட்டேன். வேணும்னா நீயே அழி.”

ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது. வாசுகி மவுஸை வாங்கி, ‘என் மனைவி’ என்பதை ‘ஆய்வாளர்’ என்று மாற்றினாள். கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டு அனுப்பினாள்.