என் கையால்

காப்பகத்துப் பெண்களைப் பார்த்துக்கொள்ளும் சமூகப் பணியாளர் அவள். கதவை ஒரு சாண்தான் திறந்தாள். வெளியே துணி மூட்டையோடு ஒரு பெரிய மனிதர்.

"எல்லாம் நல்ல துணிம்மா. உள்ளே இருக்கிறவங்களுக்கு என் கையால குடுத்துட்டுப் போயிடறேன்."

"என்கிட்ட குடுங்க சார், சேர்த்துடறேன். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது."

"தர்மம் பண்ண வந்தவன் வெளியாளா? சம்பளத்துக்கு வேலை பார்க்கிற உங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது!"

"ஆமா சார், சம்பளம் வாங்கறேன். அதனாலதான் திறக்க மாட்டேன்."

அவர் ஷூ முனை கதவிடுக்கில் நுழைந்தது. "உங்க தலைவர் எனக்கு ரொம்ப வேண்டியவர். ஒரு வார்த்தை சொன்னா உங்க வேலை போயிடும்."

"தாராளமா சொல்லுங்க."

அவள் கைப்பிடியை விடவில்லை.

மூட்டையை வாசலிலேயே வீசிவிட்டு அவர் காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, மூட்டையை உள்ளே இழுத்துப்போட்டுத் தாழ்ப்பாள் போட்டாள்.

நேற்று வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்த பெண் ஒத்தாசைக்கு வந்து முடிச்சை அவிழ்த்தாள். மேலே கிடந்த பச்சை ஸ்வெட்டரைப் பார்த்ததும் தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது நான் பின்னினது மேடம்... அவர் போயிட்டாரா?"