வலது கால்

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். திரையில் குழந்தை மட்டும் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

தெரிந்தது. குழந்தை, அவனைக் கிடத்தியிருந்த ஆட்டுச் சீட், சீட்டின் தலைமாட்டில் மினுக்கும் பச்சை விளக்கு.

அவள் கால் தெரியவில்லை.

வலது கால் பெருவிரலைச் சீட்டின் அடிக்கம்பியில் வைத்து அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள். சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை அடங்கினான்.

தோஹாவிலிருந்து வீடியோ காலில் அவள் கணவன் சிரித்தான்.

"பாத்தியா வேணி? நம்ம சீட்டுல போட்டா சத்தமே இல்ல."

அவன் அங்கே வாங்கி அனுப்பிய சீட். சுவிட்சைப் போட்டால் தானாக ஆடும், பாட்டும் பாடும். வந்த பன்னிரண்டாம் நாள் ஆட்டம் நின்றது. பாழாய்ப்போன பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கே அவனிடம் சொன்னாள்.

"நீ என்ன செஞ்ச?" என்று கேட்டான்.

மறுநாள், அது தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். காலை வைத்தாள்.

ஐம்பது நாளாக வைத்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, உட்கார்ந்தபடியே கண் சொக்கும்போது. ஆப்பரேஷன் தையல் இன்னும் சுண்டி இழுக்கிறது. விரலடியில் தோல் காய்த்துவிட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் முதலில் எடுத்து வைத்ததும் இதே காலைத்தான். அன்று ஆரத்தி எல்லாம் எடுத்தார்கள்.

டிசம்பர் வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில் அவன் லீவில் வருகிறான். நாற்பது நாள். வந்த அன்றே பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

"வேணி, ஒண்ணு சொல்லணும்."

கால் அழுத்தியது. விட்டது.

"நம்ம தெரு லிவிங்ஸ்டன் தங்கச்சிக்கு டிசம்பர்ல கல்யாணம். ரெண்டு பேருக்கும் சேத்து கம்பெனில லீவு தர மாட்டாங்க. என் லீவ அவனுக்கு விட்டுக்கொடுத்துட்டேன். பிள்ளயும் அழாம கெடக்கான், நீயும் சமாளிச்சிக்கிடுதே. அந்த தைரியத்துலதான் சரின்னேன்."

காலை எடுத்துவிட்டாள்.

பாட்டு ஓடியது. பச்சை விளக்கு மினுக்கியது. சீட் இரண்டு முறை ஆடி நின்றது.

பிள்ளை முகத்தைச் சுளித்தான். வீறிட்டான்.

"என்னாச்சு? சுவிட்சப் போடு. ஏ வேணி, சுவிட்சப் போடு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலையில் வைத்த இட்லி தட்டில் அப்படியே இருந்தது. தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு விள்ளலாகத் தின்றாள். பிள்ளை வீறிடுவது அங்கேயும் கேட்டது. இருந்தாலும் எழவில்லை. பார்க்கட்டும். ஒரு நாளாவது பார்க்கட்டும்.

முன்னறையில் இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று அழுதது. இன்னொன்று கொஞ்சிப் பார்த்தது, விசிலடித்துப் பார்த்தது, அவள் பெயரைச் சொல்லிக் கத்திப் பார்த்தது.

பிறகு ஒரு குரல்தான் கேட்டது.

கை கழுவிவிட்டு வந்தாள். போன் இருண்டு கிடந்தது. அவள் எடுக்கவும் வெளிச்சம் வந்தது. அவனிடமிருந்து செய்தி.

'மோட்டார் போயிருக்கும்னு நினைக்கேன். கவலப்படாத. லிவிங்ஸ்டன்ட்ட புதுசு ஒண்ணு குடுத்து விடுதேன்.'

இரண்டு முறை படித்தாள்.

பிள்ளை அழுதுகொண்டே இருந்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் தானாகவே கம்பிக்குப் போனது.