கோபால்ட்டைப் பிடித்த கைகள்

"நான் தமிழன் சார். அதான் என்னை ஃபெயில் பண்ணிட்டாரு."

திருப்பதிக் கல்லூரி ஒன்றின் பிரின்சிபால் அறையில் செங்கல்வராயன் பொங்கினான். பி.எஸ்ஸி. மாணவன், நகரிக்காரன். நகரி சென்னை ராஜ்யத்துக்கா ஆந்திராவுக்கா என்று டீக்கடை வரை அடிதடி நடந்த நேரம். தன் பங்குக்கு அவனும் கொதித்துக்கொண்டிருந்தான்.

செலக்‌ஷன் பரீட்சையில் கெமிஸ்ட்ரிக்கு முப்பத்தி நாலு. இன்னும் ஒரே ஒரு மார்க் இருந்தால் ஹால் டிக்கெட். இல்லாவிட்டால் ஒரு வருஷம் அப்பாவோடு தறியில் உட்கார வேண்டியதுதான்.

லெக்சரர் கங்கையா, தெலுங்குக்காரர், பொடி டப்பியைத் திறக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார்.

"அப்படி என்ன தப்பா எழுதினான்?" என்றார் பிரின்சிபால்.

"ஒரு கோபால்ட் அணுவைச் சுத்தி மூணு எத்திலீன்டையமீன் மூலக்கூறு சார். கோஆர்டினேஷன் நம்பர் என்னன்னு கேட்டேன். மூணுன்னு எழுதியிருக்கான்."

"மூணு இருந்தா மூணுதானே சார்? எண்ணிக்கினுதான் எழுதினேன்."

"தலையை எண்ணக் கூடாதுப்பா. ஒவ்வொண்ணும் ரெண்டு கையால கோபால்ட்டைப் பிடிச்சுக்கினு இருக்குது. பிடியை எண்ணணும். ஆறு."

"ஒரு ஆளை ரெண்டுன்னு எண்ணுறது எந்த ஊரு நியாயம் சார்? தமிழனுக்குன்னா தனிக் கணக்கா?"

பிரின்சிபால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் மலையாளி. தமிழும் தெலுங்கும் பேசுவார், இரண்டு எழுத்தும் படிக்க வராது.

செங்கல்வராயன் ஒரு மனுவை மேசைமேல் வைத்தான். "நான் மட்டும் சொல்லல சார். மேல தமிழ்ப் பசங்க மூணு பேரு, கீழ தெலுங்குப் பசங்க மூணு பேரு. ஆறு பேரு கையெழுத்து போட்டுக்கீறாங்க."

பிரின்சிபாலின் முகம் மாறியது. "கங்கையா, தெலுங்குப் பையன்களே உங்க மேல புகார் சொல்றாங்க. நான் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். நீங்களே பாருங்க."

மனு கங்கையா கைக்குப் போகும் என்று செங்கல்வராயன் நினைக்கவில்லை. அவருக்கு இரண்டு எழுத்தும் படிக்க வரும்.

கங்கையா மேலே படித்தார். கீழே படித்தார். நிதானமாக ஒரு சிட்டிகை பொடி போட்டார்.

"அந்த ஒரு மார்க்கைப் போட்டுடறேன் சார். பையனுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு."

"அது எப்படி?"

"மேல தமிழ்லயும் கீழ தெலுங்குலயும் கையெழுத்து போட்டிருக்கிறது ஒரே மூணு பேருதான். ஆறுன்னு சரியா எண்ணியிருக்கான்."