மூணும் நாலும் அஞ்சு

"மூணும் நாலும் ஏழு இல்லப்பா. அஞ்சு."

"ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஏழுன்னு சொல்லித்தானே வளர்த்தாங்க. நடுவுல யாரு மாத்தினா?"

அப்பாவுக்கு நிஜமாகவே மனத்தாங்கல். சாப்பாட்டு மேஜையில் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகம் விரிந்து கிடந்தது. அதைச் சுற்றி அவர் போட்டுப் பார்த்துக் கசக்கிப் போட்ட தாள்கள். எதிரே மகள் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு, ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுப்பாடம் என்னவோ ஒரே ஒரு கணக்குதான். ஏழாவது கணக்கு. ஆனால் நாளை முதல் பீரியடில் அது பலகைக்கு வரும். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விடை தப்பினால் மானம் கப்பலேறிவிடும். அதை நினைத்து நினைத்தே அவர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

"இப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியாது," என்று மகள் எழுந்தாள். துணிக்கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்து, அதன் கைப்பிடியில் இரண்டு துண்டுகளைக் கட்டினாள். "அம்மா, கொஞ்சம் வாங்க. இந்தத் துண்டைப் பிடிச்சு ஜன்னல் பக்கமா இழுங்க. நான் கதவுப் பக்கமா இழுக்கறேன்."

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து இழுத்தாள். கூடை ஜன்னலுக்கும் போகவில்லை, கதவுக்கும் போகவில்லை. நடுவில் சாய்வாக நகர்ந்து வந்து அப்பாவின் முழங்காலில் இடித்தது.

"பாத்தீங்களா? ரெண்டு பேரும் ஒரே பக்கம் இழுத்தா மூணும் நாலும் ஏழு. எதிரெதிரா இழுத்தா ஒண்ணு. இப்படி செங்கோணத்துல இழுத்து மூலைவாட்டா வந்தா அஞ்சு. விசைன்னா அளவு மட்டும் போதாது, திசையும் வேணும்."

"நம்ம வீட்டுல எப்பவும் எதிரெதிர்தான். மிஞ்சறது ஒண்ணு," என்றார் அப்பா.

"அந்த ஒண்ணும் என் பக்கம்தான்," என்றாள் அம்மா.

முழங்காலைத் தடவிக்கொண்டே அப்பா சிரித்துவிட்டார். வலியோடு பாடமும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

மகள் கணக்கை வாசித்தாள். ஒரு இரும்பு வளையம். ஒரு கயிறு அதைக் கிழக்கே பத்து நியூட்டன் விசையோடு இழுக்கிறது. இன்னொரு கயிறு பன்னிரண்டு நியூட்டன். மேற்கிலிருந்து வடக்காக அறுபது டிகிரி சாய்ந்து இழுக்கிறது. மொத்த விசை எவ்வளவு?

அப்பா வேர்க்க விறுவிறுக்க எழுதி, "பத்தொம்பது," என்றார்.

"படம் போட்டீங்களா?"

"மனசுல போட்டேன்."

"மனசுல மேற்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அப்பா தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மகள் பென்சிலால் தட்டிக் காட்டினாள். "ரெண்டாவது கயிறோட பன்னண்டுல ஆறு நியூட்டன் மேற்கே இழுக்குது. பத்துலேர்ந்து அதைக் கழிக்கணும். நீங்க கூட்டி வெச்சிருக்கீங்க. கழித்தல் குறி எங்கே போச்சு? படம் போடாம கணக்குல இறங்கறது தும்பை விட்டு வாலைப் பிடிக்கற மாதிரிப்பா."

அப்பாவுக்குத் தன் மூளை மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. கால்குலேட்டரை எடுத்தார். "இருபத்தொண்ணே முக்கால்!"

"பழைய குருடி கதவைத் திறடி," என்று மகள் நெற்றியில் கை வைத்தாள். "பத்தும் பன்னண்டும் ஒரே பக்கம் இழுத்தாத்தான் இருபத்திரண்டே வரும். எதிரும் புதிருமா இழுக்கறப்ப அவ்வளவு எப்படி வரும்? விடை என்ன ஆகும்னு முதல்லயே ஒரு குத்துமதிப்பு வேணாமா?" கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தாள். "நினைச்சேன். கோணம் ரேடியன்ல இருக்கு. டிகிரிக்கு மாத்துங்க."

"எதுக்குத்தான் இப்படிக் கணக்கெல்லாம் குடுக்கறாரோ உங்க சார்," என்று அம்மா துண்டுகளை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதுவும் புத்தகத்துல பின்னாடி விடை இல்லாத கணக்காப் பொறுக்கிக் குடுத்திருக்கார்மா. அவருக்கே விடை தெரியுமோ என்னவோ."

"தெரியாம குடுத்திருப்பார், பாவம்," என்றார் அப்பா, தாளை விட்டுத் தலையைத் தூக்காமல்.

மூன்றாவது தடவை படம் போட்டார். குறி வைத்தார். வளையம் வடக்கே போகும், கொஞ்சம் கிழக்கே சாயும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். விடை பதினொன்று புள்ளி ஒன்று வந்தது. மகள் விடவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, எதையும் பார்க்காமல் மறுபடி போடச் சொன்னாள். அதே பதினொன்று புள்ளி ஒன்று. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அன்றைக்கு ராத்திரிதான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் முதல் பீரியடில் ஏழாவது கணக்கு பலகையில் ஏறியது. படம் சரி, குறி சரி, விடை சரி. வகுப்பில் பாதிப் பேர் தங்கள் விடையை அடித்துவிட்டுப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

நடு பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எங்க எல்லாருக்கும் தப்பாயிடுது. உங்களுக்கு மட்டும் எப்படி சார் தப்பே வர மாட்டேங்குது?"

இயற்பியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போன நாளிலிருந்து அந்தப் பாடத்தையும் சேர்த்துச் சுமக்கும் தாவரவியல் ஆசிரியர், கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். "வீட்டுல உக்காந்து ஒழுங்காப் போட்டுப் பாத்தா யாருக்கும் வரும்மா," என்றார், முதல் பெஞ்சில் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்ட தன் மகளின் பக்கம் திரும்பாமலே.