அஃறிணை

"ஒரே ஒரு சொல்லுத்தான் ரீச்சர்," என்றான் நிகழ்ச்சியை நடத்துகிற றெஜினோல்ட்.

அவள் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் கதிரைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. சுனாமி நினைவு நாள். கடற்கரையில் விளக்கேற்றிவிட்டு எல்லோரும் நனைந்த காலோடு வந்திருந்தார்கள். சீமெந்துத் தரை முழுக்க மணல்.

அவள் இரண்டு கவிதைகள் கொண்டுவந்திருந்தாள்.

ஒன்று சின்னவனுக்கு. கடல் கொண்டுபோனவன்.

மற்றது மூத்தவனுக்கு. போர் முடிந்த அன்று, சரணடையச் சொன்ன இடத்துக்கு அவளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்தவன்.

"கடல் கவிதை திறம். அப்பிடியே வாசியுங்கோ. கடலைப் பேசினா ஆரும் வீட்டுக்கு வந்து விசாரிக்கமாட்டினம்." றெஜினோல்ட் குரலைத் தாழ்த்தினான். "மற்றதில 'அவர்கள்' எண்டு வருது. முன்வரிசையில ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ."

பார்த்தாள். ஒட்ட வெட்டிய தலையோடு இரண்டு பேர். சாதாரண உடுப்பு. ஒருவன் போனை மேடையை நோக்கிப் பிடித்திருந்தான்.

"அதை எடுத்துப்போட்டு என்னத்தை எழுதுறது?"

றெஜினோல்ட் கெட்டவன் இல்லை. அவனுடைய தங்கையும் கடலோடு போனவள்தான். நிகழ்ச்சி குழப்பமில்லாமல் முடிய வேண்டும். வந்த சனம் பத்திரமாக வீடு போய்ச்சேர வேண்டும். அவனுக்கு அவ்வளவுதான்.

"அலைகள் எண்டு போடுங்கோ. ஓசையும் கெடாது."

பேனையை நீட்டினான்.

அவள் வெட்டினாள். மேலே எழுதினாள்.

அவர்கள், அலைகள்.

பெயரை மாற்றியதும் வினைகளையும் மாற்ற வேண்டியிருந்தது. நிறுத்தினார்கள், நிறுத்தின. கேட்டார்கள், கேட்டன. எத்தனையோ வகுப்புகளுக்கு இலக்கணம் படிப்பித்தவள். உயர்திணை முழுவதையும் அஃறிணையாக்கி முடித்தாள்.

கை நடுங்கவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மேடைக்குக் கூப்பிடும்வரை இரண்டு தாள்களையும் மடியில் அருகருகே வைத்திருந்தாள். அப்படி வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கடல் கவிதையில் கோபம் இருந்தது. ஒரே இருப்பில் எழுதியது. வாயில் வந்தபடியெல்லாம் கடலைத் திட்டியிருந்தாள். முடிவில் மன்னித்தும் இருந்தாள். கடல் சின்னவனைத் திருப்பித் தந்துவிட்டது. குளிப்பாட்டி, புதுச் சேட் போட்டு, அடக்கம் செய்தாள்.

மற்றதில் கோபம் ஒரு வரியிலும் இல்லை.

வருடக்கணக்காக எழுதியும் முடியாத கவிதை. எல்லா வரியும் கெஞ்சுகிற வரியாகவே இருந்தது.

கடலிடம் இனி அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை.

ஆனால் மூத்தவன் எங்கேயாவது இருந்தால்? அவர்களுடைய கையில் இருந்தால்?

அதனால்தான் கை அவ்வளவு சுலபமாகச் சொற்கேட்டது.

கூப்பிட்டார்கள். போனாள்.

கடல் கவிதையை வாசித்தாள். மண்டபம் அழுதது. முன்வரிசையில் போன் பிடித்திருந்தவனும் மூக்கை உறிஞ்சினான்.

அடுத்த தாளை எடுத்தாள்.

"அலைகள் வந்தன.
வரிசையில் நிறுத்தின.
பெயரைக் கேட்டன.
வயதைக் கேட்டன.
எழுதிக்கொண்டன."

அழுகை நின்றது.

"விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றன.
என் பிள்ளையைப்
பஸ்ஸில் ஏற்றின."



அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முகம்கூடக் குழம்பியிருக்கவில்லை. பெயர் கேட்கிற அலையை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நடுவரிசையில் ஒரு பெண் எழும்பினாள். அவளை விட வயது கூடியவள். முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், அந்த பஸ்ஸில என்ர பெடியன் ஏறினதைக் கண்டனீங்களோ?"

முன்வரிசைத் தலைகள் இரண்டும் திரும்பின.

றெஜினோல்ட் மைக்கை நிறுத்த எழுந்து வந்தான். பாதி வழியில் நின்றுவிட்டான்.

அவள் அந்தப் பெடியனைக் காணவில்லை. அன்றைக்கு அவள் பார்த்தது ஒரு பிடரியை மட்டும்தான். ஏறுகிறவர்களுக்கு நடுவில், திரும்பிப் பார்க்காமல் போன தன் மகனின் பிடரி. பக்கத்தில் ஏறியவர்களின் முகங்களை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவுமில்லை.

இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம்.

கவிதையில் இன்னும் வரிகள் இருந்தன. தாளை மடித்தாள். மைக்கைக் கிட்ட இழுத்தாள்.

"என்ன நிறச் சேட் போட்டிருந்தவன், அக்கா?"

அந்தப் பெண் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் ஜன்னல் ஓரத்திலிருந்து வேறொரு குரல் வந்தது. ஒரு ஆணின் குரல்.

"நீலம் ரீச்சர். கோடு போட்ட நீலம். என்ர மகனும் அதிலதான் ஏறினவன்."

பின்னால் இன்னொருவர் கதிரையை அரக்கி எழும்பும் சத்தம் கேட்டது.